'கெட்' என்னும் ஆங்கில வினையை ஸ்பானியத்தில் பெயர்ப்பது எப்படி?

ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிய மொழியைக் கற்று மொழிபெயர்க்கத் தொடங்கும் தமிழர் எவரும் முதல் பக்கத்திலேயே 'கெட்' என்னும் வினையில் தடுக்கி நிற்பர். ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சிறிய சொல், கடிதம் வருவதற்கும், வேலை கிடைப்பதற்கும், வீடு போய்ச் சேர்வதற்கும், கோபம் கொள்வதற்கும், ஒரு செய்தி புரிவதற்கும், திருமணம் செய்துகொள்வதற்கும் ஒன்றுபோலப் பயன்படுகிறது. ஸ்பானியத்தில் இதற்கு ஈடான ஒற்றை வினை கிடையாது. இருமொழி அகராதியைத் திறந்தால் பல வினைகள் வரிசையாக நிற்கும். அவற்றுள் எதை எடுப்பது என்பதை அந்த வரிசை சொல்லாது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளியது. ஆங்கில வாக்கியத்தை நேரே ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகாமல், முதலில் அதை இயல்பான தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'கெட்' ஒன்றாகக் குவித்து வைத்திருக்கும் பொருள்களைத் தமிழ் முன்னரே வர, கிடைக்க, வாங்க, விழ, சேர, புரிய, ஆக எனப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவுகள் பலவும் ஸ்பானியப் பிரிவுகளோடு நன்றாகப் பொருந்துகின்றன. பொருந்தாத இடங்களும் உண்டு. அவற்றைத் தனியே சுட்டுகிறேன். ஸ்பானியச் சொற்களை லத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

வந்ததா, கிடைத்ததா, வாங்கியதா?

'ஐ காட் யுவர் மெயில்' என்பதைத் தமிழில் 'உங்கள் மின்னஞ்சலைப் பெற்றேன்' என்று அலுவலகக் கடிதத்தில்தான் எழுதுவோம். பேசும்போது 'உங்கள் மின்னஞ்சல் வந்தது' என்போம். ஸ்பானியமும் அப்படியே நடந்துகொள்கிறது. பெறுதல் என்னும் பொருளுள்ள 'ரெஸிபீர்' எழுத்து நடைக்குப் பொருந்தும். உரையாடலில் இயல்பாக வருவது 'மே யெகோ து கொர்ரேயோ', அதாவது 'எனக்கு உன் மின்னஞ்சல் வந்தது' என்பதாகும். 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமைக்கு இணையாக 'மே' நிற்க, வந்த பொருளே எழுவாயாக இருப்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் மனிதரே எழுவாயாக நிற்பதால், ஆங்கிலத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இந்த அமைப்பு தோன்றாது. தமிழில் யோசிப்பவருக்குத் தானாக வரும்.

முயற்சி செய்து ஒன்றைக் கைக்கொண்டால் 'கொன்ஸெகீர்'. கூட்டத்தில் அலைந்து நுழைவுச்சீட்டு பிடித்தாலும், பல நேர்காணல்களுக்குப் பிறகு வேலை கிடைத்தாலும் இதுவே தகும். 'ஒப்தெனேர்' இதைவிட முறைசார்ந்த சொல். அனுமதி, பட்டம், ஆய்வின் முடிவு போன்றவற்றோடு வரும். தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு 'ஸக்கார்' வழங்குகிறது. வெளியே எடுத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். 'நூறு எடுத்தாள்' என்று நாம் சொல்வதோடு இது ஒத்துப்போவதால் மறக்கவே மறக்காது. கடையில் பணம் கொடுத்து வாங்கியிருந்தால் ஐயத்துக்கு இடமின்றி 'கொம்ப்ரார்' என்று எழுதுங்கள். இருக்கும் இடத்திலிருந்து எடுத்துவந்து தருவதானால் 'த்ராயேர்' என்று எழுதுங்கள்.

முயற்சி எதுவுமின்றி, முறை வைத்தோ குலுக்கல் முறையிலோ ஒன்று நம்மிடம் வந்து சேர்ந்தால் 'தொக்கார்' என்ற வினை வரும். ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி 1812-இல் காதிஸ் நகரில் தொடங்கியது. இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று அதன் குலுக்கல் நடக்கிறது. அன்று பரிசு பெற்றவர் சொல்வது 'மே தொக்கோ லா லொத்தெரீயா' என்பதே. நாம் 'எனக்கு லாட்டரி விழுந்தது' என்கிறோம். இங்கே 'கொன்ஸெகீர்' எழுதினால், அவர் பாடுபட்டு அந்தப் பரிசைச் சம்பாதித்தார் என்ற தவறான பொருள் வந்துவிடும்.

உணவகத்தில் 'கேன் ஐ கெட் எ காஃபி' என்று கேட்கும் கதாபாத்திரத்தை மொழிபெயர்க்கும்போதும் இதே கவனம் வேண்டும். 'காபி பெற முடியுமா' என்று யாரும் தமிழில் கேட்பதில்லை. 'ஒரு காபி கொடுங்கள்' என்போம். ஸ்பானியமும் கொடுப்பவரையே எழுவாயாக்குகிறது. ஸ்பெயினில் 'மே போனே உன் கஃபே', லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளில் 'மே தா உன் கஃபே', கொலம்பியாவில் பணிவோடு 'மே ரெகாலா உன் கஃபே' என்று கேட்பர். கடைசியில் உள்ள வினைக்குப் பரிசளித்தல் என்பது பொருளானாலும், காபிக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

'கொள்' என்னும் துணைவினை காட்டும் வழி

தமிழரிடம் ஏற்கெனவே இருக்கும் மிகப் பயனுள்ள கருவி 'கொள்' என்னும் துணைவினை என்பது என் உறுதியான கருத்து. கல்யாணம் செய்துகொள்வது, உடுத்திக்கொள்வது, படுத்துக்கொள்வது, கோபித்துக்கொள்வது ஆகியவற்றில் செயல் செய்தவரையே வந்து சேர்கிறது என்பதை அந்தச் சொல் காட்டுகிறது. ஸ்பானியத்தில், அகராதி வடிவத்தில் வினையின் இறுதியில் ஒட்டியும் வாக்கியத்தில் பெரும்பாலும் வினைக்கு முன்னும் வரும் 'ஸே' (தன்மையில் 'மே') ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது: 'கஸார்ஸே', 'பெஸ்தீர்ஸே', 'அக்கொஸ்தார்ஸே', 'எனொஹார்ஸே'. கோபத்துக்கு ஸ்பெயினில் 'என்ஃபதார்ஸே' என்பதே மிகுதியாக வழங்கும். ஆங்கிலத்தில் 'கெட் மேரிட்', 'கெட் டிரெஸ்ட்', 'கெட் ஆங்க்ரி' என வரும் இடங்களில், தமிழில் 'கொள்' பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் 'ஸே' வினையைத் தேடுங்கள். எல்லா இடத்திலும் இது செல்லாது. தமிழில் 'எழுந்தேன்', 'களைத்தேன்' என்று 'கொள்' இல்லாமலே சொல்வோம். ஸ்பானியத்தில் அவை 'லெபந்தார்ஸே', 'கன்ஸார்ஸே' என்று 'ஸே' ஏற்றே வருகின்றன.

முடிவெட்டும் வாக்கியத்தில் இந்த ஒற்றுமை இன்னும் ஆழமாகத் தெரிகிறது. 'ஐ காட் மை ஹேர் கட்' என்னும் ஆங்கிலம், வெட்டியவர் வேறொருவர் என்பதை இலக்கணத்திலேயே காட்டிவிடுகிறது. தமிழில் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்றால் போதும். கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பானியத்தில் 'மே கொர்த்தே எல் பேலோ' என்பதும் அவ்வாறே. ஆங்கிலத்தின் அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, பிறரைக்கொண்டு செய்வித்ததை விளக்கும் நீண்ட தொடரை எழுதுபவர், இலக்கணப்படி தவறு செய்யாவிட்டாலும் எந்த ஸ்பானியரும் பேசாத வாக்கியத்தை உண்டாக்கிவிடுகிறார்.

'ஆனான்' என்பதற்குள் ஒளிந்திருக்கும் ஆறு வினைகள்

இனி, தமிழ் துணைக்கு வராத பகுதி. ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதைத் தமிழில் பெரும்பாலும் 'ஆகு' என்பதைக்கொண்டே சொல்லிவிடலாம். ஸ்பானியம் அந்த மாற்றத்தின் தன்மையைக் கேட்கிறது; பதில் தெரியாமல் வினையைத் தேர்ந்தெடுக்க முடியாது. நேரம் செலவழித்துப் பயில வேண்டிய பகுதி இதுவே.

சற்று நேரத்தில் மறையக்கூடிய உடல் நிலைக்கும் மனநிலைக்கும் 'பொனேர்ஸே'. வெட்கத்தால் முகம் சிவந்தால் 'ஸே பூஸோ ரோஹோ'. பதற்றம், சோகம், நோய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். இதன் பின்னே பெயரடை வரும். 'மருத்துவர்' போன்ற பெயர்ச்சொல்லை இதனோடு சேர்க்க இயலாது என்பது மனத்தில் நிறுத்த வேண்டிய விதி.

ஆளின் இயல்பே மாறி, அந்த மாற்றம் அவர் விருப்பத்தைக் கேட்காமல் நிகழ்ந்திருந்தால் 'பொல்வேர்ஸே'. பைத்தியம் பிடித்தவரைப் பற்றி 'ஸே பொல்வியோ லோக்கோ' என்பர். தாராளமாக இருந்தவர் கஞ்சராகிவிட்டார் என்பதற்கும் இதுவே பொருத்தம்.

தொழில், சமயம், கொள்கை, செல்வம் என ஒருவர் தானே தேடிச் சென்று அடைந்த நிலைக்கு 'அஸேர்ஸே'. அவள் மருத்துவர் ஆனாள் என்பது 'ஸே ஈஸோ மேதிகா'. இதே வினை மனித முயற்சி சிறிதும் இல்லாத 'ஸே ஆஸே தார்தே', அதாவது 'நேரமாகிறது' என்னும் தொடரிலும் வருவதால், முயற்சி என்னும் அளவுகோலை மனிதர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று நிகழ்ந்த பின் எஞ்சி நிற்கும் நிலைக்கு 'கெதார்ஸே' உரியது. இழப்பின் சாயல் பல வேளைகளில் இதில் இருக்கும். கணவனை இழந்தாள் என்பது 'ஸே கெதோ பியூதா'. பார்வை போவது, தலை வழுக்கையாவது, கையில் காசில்லாமல் நிற்பது யாவும் இதன்கீழ் வரும். பார்வை இழந்த ஒருவரைப் பற்றி 'பொனேர்ஸே' என்று எழுதினால், மாலைக்குள் பார்வை திரும்பிவிடும் என்பது போன்ற எண்ணத்தை வாசகருக்குத் தந்துவிடுவோம். துயரமான ஒரு வரியை அப்படிக் கெடுத்துவிடக் கூடாது.

ஒன்று முற்றிலும் வேறொன்றாக மாறினால் 'கொன்வெர்தீர்ஸே என்' என்பதன் பின் பெயர்ச்சொல் வரும். நீர் பனிக்கட்டியாவது அவ்வகை. நெடிய பயணத்தின் முடிவில் எட்டிய உயர்நிலைக்கு 'யெகார் அ ஸேர்'. மெக்சிகோவின் ஓஹாக்கா பகுதியில் 1806-இல் எளிய ஸபொதெக் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த பெனித்தோ ஹுவாரஸ் 1858-இல் நாட்டின் அதிபரானதைச் சொல்ல 'யெகோ அ ஸேர் பிரெஸிதேந்தே' என்பதே மிகப் பொருத்தமானது. அந்தத் தொலைவு முழுவதும் வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், மாற்றத்தை ஒரே வினையில் சொல்லும் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் பருத்தான், முதுமையடைந்தான், இருட்டியது, விடிந்தது என்பதுபோல ஸ்பானியத்திலும் 'எங்கொர்தார்', 'என்பெஹெஸேர்', 'அனொச்செஸேர்', 'அமனெஸேர்' ஆகியவை உள்ளன. பருத்தலுக்கு 'பொனேர்ஸே' போட்டு நீட்டுவதைவிட இவை நறுக்காக இருக்கும்.

பசி, பயம், தூக்கம் முதலியவை தோன்றும்போது மீண்டும் தமிழ் கைகொடுக்கிறது. 'எனக்குப் பயம் வந்தது' என்பதுபோல 'மே தியோ மியேதோ', 'எனக்குப் பசி எடுத்தது' என்பதுபோல 'மே தியோ ஆம்ப்ரே'. உணர்ச்சியே எழுவாய், அதை அடைந்தவர் 'எனக்கு'.

பிறர் செய்ததும் பிறரைச் செய்யவைத்ததும்

'ஐ காட் ராப்ட்', 'ஹி காட் ஃபயர்ட்' போன்றவற்றைப் பார்த்ததும் செயப்பாட்டு வினையைத் தேடாதீர்கள். 'என் பர்ஸைத் திருடிவிட்டார்கள்', 'அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்' என்று யாரென்று சொல்லாத பன்மையில் நாம் பேசுவதைப்போலவே, ஸ்பானியரும் 'மே ரொபாரோன் லா கர்த்தேரா', 'லோ தெஸ்பிதியேரோன்' என்கிறார்கள். திருடியவர் ஒருவரே என்று தெரிந்தாலும் இந்தப் பன்மை மாறுவதில்லை.

ஒருவரை இணங்கவைத்து ஒன்றைச் செய்யவைத்தால் 'கொன்ஸெகீர் கே' என்பதன் பின், ஆங்கில இலக்கணத்தில் 'சப்ஜங்க்டிவ்' எனப்படும் ஐயநிலை வினைவடிவம் வரும்: 'கொன்ஸெகீ கே பினியேரா', அவரை வரவைத்தேன். தமிழின் 'வை' ஒரே சொல்லில் முடிப்பதை ஸ்பானியம் இரண்டு எழுவாய்களாகப் பிரித்துச் சொல்கிறது. இந்த ஐயநிலை வடிவத்தை விட்டுவிட்டால் வாக்கியம் பிழையாகும்.

மற்ற பயன்பாடுகள் இத்தனை சிக்கல் தருவதில்லை. ஓரிடம் போய்ச் சேர்வது 'யெகார்'; பேருந்தில் ஏறுவது 'ஸுபீர்', இறங்குவது 'பஹார்'; புரிந்துகொள்வது 'எந்தெந்தேர்'; ஒருவரோடு ஒத்துப்போவது 'யெவார்ஸே பியேன்'. கதவு தட்டப்படும்போது 'ஐ'ல் கெட் இட்' என்று எழுந்து போகிறவர் ஸ்பானியத்தில் 'யோ ஆப்ரோ', அதாவது 'நான் திறக்கிறேன்' என்பார்.

வினையைத் தேர்ந்தெடுத்தபின், வாசகர் எந்த நாட்டவர் என்பதையும் பாருங்கள். பேருந்து பிடிப்பது, பொருளை எடுப்பது போன்றவற்றுக்கு ஸ்பெயினில் அன்றாடம் வழங்கும் 'கொஹேர்', மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் வேறு சில நாடுகளிலும் பாலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். அந்நாட்டு வாசகருக்கு 'தொமார்' அல்லது 'அகர்ரார்' என்று எழுதுவதே தகும். ஐயம் வரும்போது, 1713-இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நாட்டுக்கு நாடு மாறும் வழக்குகளை அது வட்டாரக் குறிப்போடு தருகிறது. வரைவு முடிந்ததும் 'ஒப்தெனேர்', 'கொன்ஸெகீர்' ஆகிய இரண்டும் வரும் இடங்களை மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த மனிதர் உண்மையில் முயன்று அடைந்தாரா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வரும் வரிகளில் அவ்வினையை நீக்கிவிட்டு, 'எனக்கு வந்தது' என்னும் அமைப்பில் திருப்பி எழுதிப் பாருங்கள்.