குருவின் கம்யூனில் சேருமுன் எங்கெங்கே பார்க்க வேண்டும்

ஒரு குருவின் பேச்சைக் கேட்டு, இனி அவருடைய கம்யூனில், அதாவது சீடர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பில்தான் வாழ்க்கை என்று மூட்டை கட்டத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானே சில வருடங்கள் அப்படி ஓர் இடத்தில் இருந்தவள். ஸ்டோர் அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அங்கே கிடைத்த சிநேகிதங்களும், விடியற்காலையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த அந்த அமைதியும் இன்றைக்கும் எனக்குப் பெரிது. அதனால்தான் சொல்கிறேன்: பேச்சை வைத்து இடத்தை எடை போடாதீர்கள். பேச்சு எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் எழுபதுகளில் ஸ்டீஃபன் காஸ்கின் பேசியதைக் கேட்டு நூற்றுக்கணக்கானவர்கள் பழைய பள்ளிப் பேருந்துகளில் ஏறி அவர் பின்னால் போனார்கள். 1971இல் டென்னசி மாநிலத்தில் சம்மர்டவுன் பக்கம் நிலம் வாங்கி ‘ஃபார்ம்’ என்ற குடியிருப்பை அமைத்தார்கள். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ‘சோர்ஸ்’ என்ற சைவ உணவகம் நடத்திய ஜிம் பேக்கர், ஃபாதர் யோட் என்ற பெயரில் குருவாகி ஒரு பெரிய குடும்பத்தையே திரட்டினார். பத்து வருடம் கழித்து, பிற்பாடு ஓஷோ என்று அறியப்பட்ட ரஜனீஷ் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துக்கு வந்தார். மூவருமே கேட்பவர்களைக் கட்டிப்போடக் கூடியவர்கள். ஆனால் மூன்று இடங்களின் கதையும் மூன்று விதமாகப் போனது. அந்த வித்தியாசத்தை மேடையில் தேடினால் கிடைக்காது. கணக்குப் புத்தகத்திலும், சாப்பாட்டுப் பந்தியிலும், வாசல் கதவிலும் தேட வேண்டும்.

முதல் தடவை போகும்போது விழா நாளில் போகாதீர்கள். தியான முகாம், குருவின் பிறந்தநாள் எல்லாம் வேண்டாம். எல்லா இடமும் அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். குரு ஊரில் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் போய் வேலை செய்யுங்கள். 1967இல் வர்ஜீனியாவில் தொடங்கி இன்றும் நடக்கிற ட்வின் ஓக்ஸ் கம்யூனில் குரு என்று யாரும் கிடையாது. அங்கே சேர விரும்புகிறவர்கள் முதலில் மூன்று வாரம் விருந்தினராக இருந்து எல்லோருடனும் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. நீங்கள் போகிற இடத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘உள்ளே வந்துவிட்டால் எல்லாம் புரியும்’ என்று சொன்னால் பொறுமையாக மறுத்துவிடுங்கள். முடிவையும் அங்கே வைத்து எடுக்காதீர்கள். வீட்டுக்குத் திரும்பி, நன்றாகத் தூங்கி, பழைய ஆட்களோடு கொஞ்சம் பழகின பிறகு யோசியுங்கள். விடிய விடிய பஜனை, நாலு மணிக்கு எழுப்புதல் என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும்போது எந்தப் பேச்சும் வேதவாக்காகத்தான் கேட்கும்.

போனதும் சமையலறையில் வேலை கேளுங்கள். ஓர் இடத்தின் உண்மை நிலவரம் அங்கேதான் தெரியும். எண்ணெய், மாவு எவ்வளவு இருப்பு இருக்கிறது, குருவுக்குத் தனிச் சமையலா, குழந்தைகளுக்கு முதலில் பரிமாறுகிறார்களா, கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள். அப்படியே கக்கூஸையும் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃபார்மில் குடியேறிய புதிதில் அசுத்தத் தண்ணீரால் ஹெபடைட்டிஸ் என்ற கல்லீரல் நோய் பரவிப் பலர் படுத்தார்கள். பக்தி இருந்தாலும் குழாய் பதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்தது பணம். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது? குருவின் பெயரிலா, ஓர் அறக்கட்டளையின் பெயரிலா, அந்த அறக்கட்டளையில் யார் யார்? வரவு செலவை உறுப்பினர்கள் பார்க்கலாமா? கடன் எவ்வளவு? ஃபார்மில் சேர்ந்தவர்கள் கையிலிருந்த எல்லாவற்றையும் பொதுப் பணப்பெட்டியில் போட்டுவிட்டு, ஏழ்மையை விரதமாக ஏற்றவர்கள். ஏக்கர் 70 டாலருக்கு வாங்கிய நிலத்தில், சோயாவை நம்பி, இறைச்சியும் முட்டையும் இல்லாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. ஆனாலும் கடன் ஏறிக்கொண்டே போய், 1983இல் பொதுப் பணப்பெட்டி முறையைக் கைவிட்டார்கள். இனி அவரவர் சம்பாதித்து, குடியிருப்புக்கு மாதாமாதம் பங்கு கட்ட வேண்டும் என்று ஆனது. பெரும்பாலானவர்கள் வெளியேறினார்கள். பத்துப் பன்னிரண்டு வருட உழைப்பைக் கொடுத்துவிட்டுக் கையில் எதுவும் இல்லாமல் போன குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே யாரும் ஏமாற்றிவிடவில்லை. நல்லவர்கள் நடத்தும் இடத்திலும் இது நடக்கும்.

அதனால், சொத்தை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் சேர்ந்து சில வருடங்கள் ஆகட்டும். நீங்கள் விலகினால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும், அதைப் பற்றி யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது இனிமேல்தான். குருவிடம் ‘அது சரியில்லை’ என்று சொன்ன ஒருவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மறுநாள் அவருக்கு என்ன ஆனது என்று விசாரியுங்கள்.

நான் இருந்த இடத்தில் ஒரு தச்சர் இருந்தார், வயதானவர், அதிகம் பேசமாட்டார். புதிய தியான மண்டபத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் எழுந்து, “அதற்கு முன்னால் குழந்தைகள் படுக்கிற கொட்டகைக்குக் கூரை மாற்றிவிடலாமே, மூன்று இடத்தில் ஒழுகுகிறது” என்றார். குரு அவரையே கொஞ்ச நேரம் பார்த்துச் சிரித்துவிட்டு, “ஒழுகுவது உன் அகங்காரம்” என்றார். கூட்டமே சிரித்தது. தச்சர் கையில் வைத்திருந்த அளவு நாடாவை மெல்லச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலை வேலைப் பலகையில் அவர் பெயர் பட்டறையிலிருந்து கழிவறைக்கு மாறியிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவர் கேட்டது ஒரு கூரை. அதற்குப் பதில் அவருடைய ஆன்மாவைப் பற்றி வந்தது. இந்த மாற்றத்தைக் கவனிக்கப் பழகுங்கள். கணக்கைக் கேட்டால் ‘உனக்கு நம்பிக்கை போதவில்லை’, ஓய்வு கேட்டால் ‘உடம்பின் மேல் பற்று’ என்று பதில் வரும் இடத்தில், எந்தக் குறையையும் யாராலும் சரிசெய்ய முடியாது.

இதைச் சோதிக்க ஒரு வழி: தனித்தனியாக மூன்று பேரிடம், ‘குரு கடைசியாக எப்போது தன் முடிவை மாற்றிக்கொண்டார், யார் சொல்லி?’ என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் உடனே ஒரு கதை வரும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்கள் கேட்டதும் அவர் முகம் இறுகினாலோ, அன்று மாலையே நீங்கள் கேட்டது வேறொருவர் வாயிலிருந்து உங்களுக்குத் திரும்பி வந்தாலோ, பையை எடுத்துக்கொள்ளலாம்.

குருவை மட்டும் பார்த்தாலும் போதாது. அவர் அறைக் கதவில் நிற்கிறவரையும் பாருங்கள். ஆரிகனில் 1981இல் சுமார் 64,000 ஏக்கர் பண்ணையை வாங்கி ரஜனீஷ்புரம் எழுந்தபோது ரஜனீஷ் பொது இடத்தில் பேசுவதை நிறுத்தியிருந்தார். 1984 வரை அந்த மௌனம் நீடித்தது. நிர்வாகம் முழுக்கச் செயலாளர் ஷீலாவின் கையில். சீடர்கள் தினமும் சாலையோரம் நின்று, ரோல்ஸ் ராய்ஸில் போகிற குருவைக் கும்பிட்டார்கள். அவர்கள் வாழ்க்கையைத் தீர்மானித்தது வேறொரு அறை. 1984இல் ஷீலாவின் வட்டத்தினர் ஆரிகனிலேயே உள்ள ‘த டாலஸ்’ என்ற ஊரின் உணவகங்களில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்ததில் 751 பேர் நோயுற்றார்கள். உள்ளூர்த் தேர்தலை வளைப்பதற்கான ஒத்திகை அது. குருவின் சொந்த மருத்துவரையே கொல்ல முயற்சி நடந்தது. தங்கள் அறைகளில் ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருந்தது அங்கே தோட்டம் கொத்திய, ரொட்டி சுட்ட ஆயிரக்கணக்கான சாது மனிதர்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதனால், ‘குருவை நேரில் பார்த்துப் பேச யாரைத் தாண்டிப் போக வேண்டும்?’ என்று கேளுங்கள். ஒரே ஆள்தான் என்றால், அந்த ஆளை நன்றாகத் தெரிந்துகொள்ளாமல் சேராதீர்கள்.

உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வார்கள் என்பதையும் பாருங்கள். ஃபார்மில் ஸ்டீஃபனின் மனைவி இனா மே காஸ்கினும் மற்ற மருத்துவச்சிகளும் வீட்டிலேயே பிரசவம் பார்த்துப் பெயர் பெற்றவர்கள். ஆனால் உள்ளூர் டாக்டர் ஒருவரோடு சேர்ந்து கற்றார்கள், சிக்கல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீங்கள் போகிற இடத்தில் அந்த ஏற்பாடு இருக்கிறதா, வண்டிச் சாவி இரவில் யாரிடம் இருக்கும், யாருடைய அனுமதியும் இல்லாமல் போகலாமா? குழந்தையோடு போகிறவர்கள் இதைக் கேட்காமல் ஓர் இரவுகூடத் தங்க வேண்டாம்.

அப்புறம், விலகியவர்கள். அவர்களில் இரண்டு பேரோடாவது பேசுங்கள், ஒருவர் கோபக்காரராக இருந்தால் இன்னொருவர் அமைதியானவராக இருக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் அவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்பதே ஒரு பதில். ‘அவள் இப்போது ஆசிரியையாக இருக்கிறாள், லீவில் வருவாள்’ என்றால் நல்லது. பெயரைச் சொன்னதும் பேச்சை மாற்றினால் நல்லதல்ல. குரு இல்லாத நாளையும் கேளுங்கள். ஃபாதர் யோட் 1975இல் ஹவாயில், முன்பின் பழக்கமில்லாத ஹேங் கிளைடரில் மலை முகட்டிலிருந்து குதித்து அடிபட்டு இறந்தார். சில வருடங்களுக்குள் அந்தக் குடும்பம் சிதறியது. காஸ்கினோ 1983க்குப் பிறகு தலைவராக இல்லாமல், மற்றவர்களைப் போல ஒருவராக அதே நிலத்தில் 2014இல் சாகும்வரை வாழ்ந்தார். ஃபார்ம் இன்னும் இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அந்த இடத்தின் மேல் பிரியம்.

இத்தனையும் பார்த்து மனசு சரி என்று சொன்னால் சந்தோஷமாகப் போங்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டை, சான்றிதழ்களை ‘ஆபீஸில் பத்திரமாக வைக்கிறோம்’ என்றால் கொடுக்காதீர்கள், உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். திரும்பி வரும் செலவுக்கான பணத்தைத் தனியாக மடித்து வையுங்கள். வெளியே நம்பகமான ஒருவரிடம், மாதத்தில் இன்ன தேதியில் கூப்பிடுவேன், குரல் கேட்கவில்லை என்றால் நேரில் வந்து பார் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கம்யூன் ஆபீஸிலும் அவருடைய பெயரையும் நம்பரையும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.