டேட்டா செலவில்லாமல் வீட்டுக்குள் கோப்புப் பகிர்வு: விண்டோஸ், லினக்ஸ், மெக் மூன்றுக்கும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகளில் இப்போது ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று வகைக் கணினிகள் இருக்கின்றன. பாடசாலையில் படிப்பிப்பவரிடம் விண்டோஸ் 11 லப்டொப். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளையிடம் உபுண்டு. புதிய விண்டோஸை இழுக்க மாட்டாத பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட். வெளிநாட்டு உறவினர் விட்டுப்போன மெக்புக்கும் சில வீடுகளில் உண்டு. ஆனாலும் முன் அறையில் இருக்கும் வினாத்தாள் பின் அறைக்குப் போவது வட்ஸ்அப் வழியாகத்தான். ஏற்றவும் டேட்டா, இறக்கவும் டேட்டா. சிக்னல் விழுந்தால் அதுவும் இல்லை.

இந்த வேலைக்கு இணையமே வேண்டாம். ரவுட்டரில் டேட்டா முடிந்திருந்தாலும் அது வீட்டுக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தபடிதான் இருக்கும். மூன்று பணிசெயல் முறைமைகளுக்கும் பொதுவான கோப்புப் பகிர்வு நெறிமுறை எஸ்எம்பி (SMB). விண்டோஸிலும் மெக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் சம்பா என்ற இலவச மென்பொருளை நிறுவ வேண்டும். அந்த ஒருமுறைக்கு மட்டும் இணையம் தேவை.

ரவுட்டர் இல்லாத வீடு

போன் ஹொட்ஸ்பொட் போதும். போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு ஹொட்ஸ்பொட்டைப் போடுங்கள். இரண்டு கணினிகளையும் அதில் இணையுங்கள். கோப்பு போனின் வைஃபை ஊடாகப் போகும், சிம்மைத் தொடாது. சில போன்கள் இணைந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்க விடுவதில்லை. அப்படியானால் ஒரு லான் கேபிளை இரண்டு லப்டொப்களுக்கும் நேரே செருகுங்கள். இன்றைய கணினிகளுக்கு சாதாரண கேபிளே சரி, குறுக்குக் கேபிள் தேவையில்லை. ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்து, கேட்வே இடத்தை வெறுமையாக விடுங்கள். பெரிய கோப்புகளுக்கு இதுதான் மிக வேகமான வழி. இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் இருந்தால் செக்கனுக்கு 100 எம்பிக்கு மேல் போகும். 100 மெகாபிட் போர்ட் என்றால் சுமார் 11 எம்பி, அதாவது 4 ஜிபி கோப்புக்கு ஆறு நிமிடம்.

முகவரியை முதலில் நிலைப்படுத்துங்கள்

கரண்ட் போய் வந்தபின் நேற்று வேலை செய்த பகிர்வு இன்று திறக்காததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: ரவுட்டர் மறுபடி எழும்பும்போது கணினிகளுக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் அதன் முகவரியும் (192.168.1.1, 192.168.8.1 போன்றது) நுழைவுச் சொல்லும் இருக்கும். அதற்குள் போய், கணினிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபி (DHCP) பகுதியில், கோப்புகள் இருக்கும் கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணினியின் மெக் எண்ணைக் கேட்கும் (MAC, அதாவது வலையமைப்பு வன்பொருளின் முகவரி; மெக் கணினியோடு இதற்குத் தொடர்பில்லை). வைஃபைக்கும் லான் கேபிளுக்கும் வெவ்வேறு மெக் எண்கள் என்பதால் எதில் இணைக்கிறீர்களோ அதையே கொடுங்கள். வைஃபை என்றால் எழுமாறான வன்பொருள் முகவரி என்ற வசதி அந்தக் கணினியில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

எந்தக் கணினியில் கோப்புகளை வைப்பது? திரை உடைந்து ஒதுக்கிவைத்த லப்டொப் இருந்தால் அதில் லினக்ஸைப் போட்டு அதையே வையுங்கள். மேசைக் கணினியைவிட அது நல்லது, ஏனென்றால் கரண்ட் போனாலும் அதன் பற்றரி தாங்கும், பாதி எழுதிய கோப்பு கெடாது. ரவுட்டருக்கு ஒரு சிறிய டிசி யுபிஎஸ் வாங்கலாம். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டைப் பாருங்கள்: 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் வெளியீட்டைச் செருகினால் அது ஓயாமல் அணைந்து எழும்பும், மாறிச் செருகினால் எரியக்கூடும்.

விண்டோஸ் கணினியிலிருந்து பகிர்வது

செட்டிங்ஸில் உங்கள் வைஃபை அல்லது லான் இணைப்பைத் திறந்து, பப்ளிக் என்றிருப்பதை பிரைவேட் ஆக்குங்கள். இதை மறந்தால் பயர்வோல் எல்லாவற்றையும் தடுக்கும்.

அடுத்து, பகிர்வுக்கென்றே ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்குங்கள்: அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், பின்னர் மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாத பயனர். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். கடவுச்சொல் கட்டாயம். கடவுச்சொல் இல்லாத கணக்கை வலையமைப்பு வழியே நுழைய விண்டோஸ் விடாது. நீங்கள் தினமும் அடிக்கும் நாலு இலக்கப் பின் எண்ணும் இங்கே செல்லாது. அது அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. மற்றக் கணினி கடவுச்சொல் கேட்கும்போது பின் எண்ணை அடித்து அடித்துத் தோற்பவர்கள் நிறையப் பேர்.

இப்போது கோப்புறையில் வலது கிளிக், புரொப்பர்ட்டீஸ், ஷெயரிங், அட்வான்ஸ்ட் ஷெயரிங். பகிர்வதற்குச் சரியடையாளம் இட்டு, பெர்மிஷன்ஸில் அந்தப் பயனரைச் சேர்த்து, மாற்றும் உரிமையைக் கொடுங்கள். இதோடு நிறுத்தினால் கோப்புறை திறக்காமலோ, சேமிக்க விடாமலோ போகலாம். பக்கத்திலுள்ள செக்கியூரிட்டி தாவலிலும் அதே பயனருக்கு அதே உரிமை வேண்டும். இரண்டு பூட்டுகளில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

கணினி தூங்காதபடி பவர் அமைப்பையும் மாற்றுங்கள்.

லினக்ஸ் கணினியிலிருந்து பகிர்வது

மின்டில் கோப்புறையை வலது கிளிக் செய்து பகிர்வு விருப்பங்களைத் திறந்தால் சம்பாவை நிறுவவா என்று அதுவே கேட்கும். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி நுழையுங்கள். புதிய பயனர் குழுவின் உரிமை அப்போதுதான் ஏறும். பின்னர் பகிர்வை இயக்கி, மற்றவர்கள் எழுதவும் அழிக்கவும் அனுமதியுங்கள்.

அநேகர் தடுக்கி விழும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் வேறு, சம்பாவின் கடவுச்சொல் வேறு. டெர்மினலில் sudo smbpasswd -a என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் பயனர் பெயரைச் சேருங்கள். இருமுறை புதிய கடவுச்சொல் கேட்கும். இதைச் செய்யாவிட்டால் சரியான கடவுச்சொல்லை அடித்தாலும் நுழைய முடியாது.

கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை நம்ப வேண்டாம். புதிய உபுண்டுவில் ஒருவரின் ஹோம் கோப்புறைக்குள் வேறு பயனர் நுழைய முடியாது, ஆகவே விருந்தினராக வருபவருக்குப் பகிர்வின் பெயர் தெரியும், உள்ளே போக விடாது. பயர்வோல் இயங்கினால் சம்பாவுக்கு வழி விடுங்கள். அதன் போர்ட் 445.

மெக்கில் வேலை குறைவு: சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷெயரிங், ஃபைல் ஷெயரிங். அங்கே ஒப்ஷன்ஸைத் திறந்து, விண்டோஸ் கோப்புப் பகிர்வு என்ற பகுதியில் உங்கள் கணக்கைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுங்கள். அது இல்லாமல் விண்டோஸ் உள்ளே வராது.

இணைப்பது

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்று அடியுங்கள். லினக்ஸ் கோப்பு மேலாளரில் கன்ட்ரோலும் எல்லும், மெக்கின் ஃபைண்டரில் கமாண்டும் கேயும் அழுத்தி, smb://192.168.1.20 என்று அடியுங்கள். நெட்வேர்க் என்ற பட்டியலில் கணினி தானாகத் தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சம்பா கணினிகள் விண்டோஸின் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. அன்ட்ரொய்ட் போனில் விஎல்சி இருந்தால் பகிர்ந்த பாட வீடியோக்களைப் பிரதி எடுக்காமலே பார்க்கலாம்.

திறக்காவிட்டால்

80070035 என்று முடியும் பிழை வந்தால் பாதை கிடைக்கவில்லை என்று அர்த்தம்: முகவரி மாறியிருக்கும், மற்றக் கணினி தூங்கியிருக்கும், அல்லது ஒன்று ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இருக்கும். 1219 என்றால், அதே கணினிக்கு இன்னொரு பயனர் பெயரில் ஏற்கெனவே இணைந்திருக்கிறீர்கள். கிரெடென்ஷியல் மனேஜரில் பழைய பதிவை அழித்து, வெளியேறி நுழைந்தால் தீரும்.

எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 ஐ இயக்கு, கடவுச்சொல் பாதுகாப்பை நிறுத்து என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். இரண்டையும் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாக்ரை பரவியது எஸ்எம்பி 1 இன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் அதைக் கழற்றத் தொடங்கியது. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு கடவுச்சொல் இல்லாத இணைப்பைத் தானாகவே மறுக்கிறது. கடவுச்சொல் வைத்த பயனர் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் வராது.

தமிழ்க் கோப்புகளின் தனிச் சிக்கல்

நம் பாடசாலை வினாத்தாள்களில் பெரும்பகுதி இன்னும் பாமினியில் தட்டெழுதியவை. பாமினி யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத உபுண்டுவில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பகிர்வு பழுதாகவில்லை, கோப்பும் கெடவில்லை. விண்டோஸிலுள்ள பாமினி எழுத்துருக் கோப்பைப் பகிர்வில் இட்டு, மற்றக் கணினிகளில் திறந்து நிறுவினால் போதும்.

கோப்புப் பெயர்களை யூனிகோடில் எழுதலாம், ஒரு கவனத்தோடு. கொ, கோ, கௌ போன்றவற்றின் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு குறிகளாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மெக் இரண்டையும் ஒரே பெயராக எடுக்கும். விண்டோஸும் லினக்ஸும் வேறு வேறு பெயர்களாக எடுக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிந்தால், தேடினால் ஒன்று அகப்படாவிட்டால், காரணம் இதுதான். பெயரை அழித்து ஒரே கணினியில் மறுபடி தட்டெழுதுங்கள். லினக்ஸில் பெயருக்குள் கேள்விக்குறி, முக்காற்புள்ளி இடவும் வேண்டாம். விண்டோஸ் அவற்றை ஏற்காது. சம்பா அந்தக் கோப்பை விளங்காத குறும்பெயராகக் காட்டும்.

பென் டிரைவ்தான் வழி என்று ஆகும் நாட்களும் உண்டு. அதை எக்ஸ்ஃபட்டில் ஃபோமட் செய்யுங்கள். ஃபட்32 இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, என்டிஎஃப்எஸ் டிரைவை மெக் வாசிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபட் மூன்றிலும் எழுதும், ஆனால் இடையில் பிடுங்கினால் எளிதில் கெடும். இஜெக்ட் கொடுத்த பிறகே கழற்றுங்கள். கொமினிக்கேஷன் கடைக் கணினியில் செருகி வந்த டிரைவை முதலில் லினக்ஸ் கணினியில் திறந்து, வேண்டிய கோப்பை மட்டும் பகிர்வுக்குள் இடுங்கள்.