ஒரு மசோதாவின் பின்னாலேயே போவது எப்படி?

சட்டமன்ற நேரலை பார்க்க உட்காருகிறீர்களா? முதலில் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். அப்புறம் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுங்கள்.

அவையின் நடுவில், தலைவர் இருக்கைக்குக் கீழே ஒரு மேசை இருக்குமே, அங்கே உட்கார்ந்து பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதியெடுப்பதுதான் பல வருஷம் என் பிழைப்பு. சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறிமாறி எழுதுவோம். நாற்பது பேர் எழுந்து நின்று கத்தினாலும் என் நோட்டில் விழுவது அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்: (குறுக்கீடு). மறுநாள் செய்தியில் முழுப் பக்கத்துக்கு வருவதும் அதேதான். அன்றைக்கே ஓசைப்படாமல் நிறைவேறிய மசோதாவைத் தேடினால்தான் கிடைக்கும்.

அதைத் தேடிப் பிடிக்கத்தான் இந்தக் குறிப்பு.

தொடங்குமுன் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அவையில் பெரும்பான்மை உள்ளவர்களே ஆட்சி அமைக்கும் நாடுகளில், அரசு கொண்டுவரும் மசோதா தோற்பது அபூர்வம். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடா முன்னாலேயே சொல்லிவிடுவார். இந்தியாவில் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். ஒரு வாக்கில் ஆட்சி கவிழ்ந்த நாட்களும் உண்டு. 1979 மார்ச்சில் பிரிட்டனில் காலகன் அரசு 310க்கு 311 என்று தோற்றது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270. ஸ்வீடனில் இன்னும் வேடிக்கை. 1973 தேர்தலில் இரு அணிகளுக்கும் ஆளுக்கு 175 இடம் கிடைத்துவிட, வாக்கு சமமாக நின்றபோதெல்லாம் சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள். பிறகுதான் ஓர் இடத்தைக் குறைத்து 349 ஆக்கிக்கொண்டார்கள். இதெல்லாம் கதையாகச் சொல்ல நன்றாக இருக்கும். வழக்கமான நாளில் வாக்கெடுப்பின் முடிவு காலையிலேயே எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால் பார்ப்பதற்கு என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். மசோதா உள்ளே வந்தபோது இருந்த சொற்களும் வெளியே போகும்போது இருக்கும் சொற்களும் ஒன்றா என்பதுதான் மிச்சம். நான் இத்தனை வருஷமாகப் பார்த்ததும் அது ஒன்றைத்தான்.

ஆகவே முதல் வேலை, மசோதாவின் முழு வாசகத்தை எடுத்து வைத்துக்கொள்வது. செய்திச் சுருக்கம் உதவாது. பின்பக்கத்திலிருந்து படியுங்கள். இந்திய மசோதாக்களின் கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை, செலவு பற்றிய குறிப்பு, விதிகள் செய்யும் அதிகாரத்தை யாரிடம் விடுகிறார்கள் என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். முதலாவது, அரசு சொல்ல விரும்புவது. இரண்டாவது, காசு உண்டா இல்லையா என்பது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எதையெல்லாம் இப்போது முடிவு செய்யாமல் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் பிரிவுகளுக்கு வாருங்கள். பென்சிலால் மூன்று விஷயத்தை மட்டும் குறித்தால் போதும்: கட்டாயமா இல்லையா, எதைப் பின்னால் சொல்வதாகத் தள்ளுகிறார்கள், எத்தனை நாளுக்குள். உதாரணத்துக்கு இப்படி ஒரு பிரிவு என்று வையுங்கள்: “முறையீடுகளை விசாரிப்பதற்கு, வகுத்துரைக்கப்படும் தகுதிகளையுடைய அலுவலர் ஒருவரை அரசு நியமிக்கலாம்.” படித்தவுடன் முறையீட்டு அலுவலர் வந்துவிட்டதாகத் தோன்றுகிறதா? இன்னொரு முறை படியுங்கள். ‘நியமிக்கலாம்’ என்றால் நியமிக்காமலும் இருக்கலாம். ‘நியமிக்க வேண்டும்’ என்றிருந்தால் கதையே வேறு. ‘வகுத்துரைக்கப்படும்’ என்றால் தகுதி என்னவென்று பின்னால் விதிகளில் சொல்வார்கள், இன்றைக்கு அவைக்குத் தெரியாது. எத்தனை நாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்ற பேச்சே இல்லை. ஒரே வாக்கியத்தில் மூன்று ஓட்டை.

‘தொடக்கம்’ என்ற பிரிவையும் விடாதீர்கள். “அரசு அறிவிக்கையில் குறிப்பிடும் நாளில் நடைமுறைக்கு வரும்” என்றிருந்தால், அந்த நாள் வராமலே போகலாம். பிரிட்டனில் ஈஸ்டர் தேதியை நிலைப்படுத்த 1928இல் ஒரு சட்டம் போட்டார்கள். இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. 1995இன் டெல்லி வாடகைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரை போயும் அறிவிக்கை வராமல் படுத்துக்கொண்டது. நிறைவேறியது என்று கேட்டதுமே கொண்டாடிவிடக் கூடாது.

அடுத்தது, எப்போது நுழைவது. பெரும்பாலான அவைகளில் மசோதாவுக்கு மூன்று கட்டம். முதல் கட்டம் அறிமுகம், பெரும்பாலும் தலைப்பைப் படிப்பதோடு சரி. இரண்டாம் கட்டத்தில்தான் கொள்கை விவாதம், பிரிவுவாரியான பரிசீலனை எல்லாம். மூன்றாவதில் மொத்தமாக ஏற்பதா வேண்டாமா என்பது மட்டும். முதலுக்கும் மூன்றுக்கும் நடுவில் குழுவுக்கு அனுப்பினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். குழு அறையில் கேமராவுக்காகப் பேசும் அவசியம் குறைவு. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டு, “இந்தச் சொல்லை மாற்றிவிடலாமே” என்று சாதாரணமாகப் பேசிக்கொள்வதை அங்கேதான் கேட்டிருக்கிறேன். பொதுமக்களிடம் கருத்துக் கேட்பதும் அநேகமாக அங்கேதான்.

கருத்து எழுதும்போது பலரும் செய்யும் தப்பு, மசோதா மோசம் என்று ஆறு பக்கம் எழுதுவது. அது கோப்பில் தூங்கும். ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு, இப்போது இருக்கும் வாசகம் என்ன, அதற்குப் பதில் என்ன வர வேண்டும், ஏன். ‘ஏன்’ என்பதற்கு உங்களுக்கே நேர்ந்த ஒரு சம்பவம் இருந்தால் இரண்டு வரியில் சொல்லுங்கள். அதை உறுப்பினர் அப்படியே எடுத்துத் திருத்தமாகக் கொடுத்துவிட முடிய வேண்டும். அவருக்கு வேலை மிச்சம் செய்தால் உங்கள் தாள் மேலே வரும். இதில் ரகசியம் எதுவும் கிடையாது.

குழுவுக்கே போகவில்லை என்றால்? அவகாசம் ரொம்பக் குறைவு. ஒருமுறை பார்வையாளர் மாடத்தில் ஒரு பெரியவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மசோதா, ஒன்பதாம் பிரிவில் சிவப்பு மையில் கோடு. மதியத்துக்கு மேல் ஐந்து நிமிடம் வெளியே போய்வந்தார். அதற்குள் தலைவர் “2 முதல் 14 வரையுள்ள பிரிவுகள்” என்று ஒரே மூச்சில் வாசித்து, “ஆம் என்போரே அதிகம்” என்று முடித்துவிட்டார். என் நோட்டில் அது நாலு வரி. பெரியவர் திரும்பி வந்து இன்னும் ஒரு மணி நேரம் ஒன்பதாம் பிரிவுக்காகக் காத்திருந்தார். எனக்குக் கீழேயிருந்து சொல்ல வழியில்லை. திருத்தம் கொடுத்திருந்தால் மட்டுமே ஒரு பிரிவு தனியாக நிற்கும். யாரும் கொடுக்காவிட்டால் கூட்டத்தோடு கோவிந்தா.

மசோதா இல்லாத நாளிலும் உங்கள் பிரதிநிதியிடம் ஒரு கருவி இருக்கிறது: கேள்வி. இந்திய நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம்; குறியில்லாததற்கு எழுத்தில் பதில் வரும். நான் எழுத்துப் பதிலின் கட்சி. “அரசு நடவடிக்கை எடுக்குமா?” என்று கேட்டால் “பரிசீலனையில் உள்ளது” என்று வரும். “எத்தனை பணியிடம், எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து?” என்று கேட்டால் நழுவுவது கஷ்டம்.

அமைச்சரல்லாத தனி உறுப்பினரே மசோதா கொண்டுவரலாமே என்பீர்கள். வரலாம். நியூசிலாந்தில் இப்படிப்பட்ட மசோதாக்களில் எதை அவைக்கு எடுப்பது என்று சீட்டு எடுப்பது ஒரு பழைய பிஸ்கட் டின்னிலிருந்து. ஒருபாலினத் திருமணத்தை 2013இல் அங்கே சட்டமாக்கிய மசோதா அந்த டின்னிலிருந்து வந்ததுதான். இந்தியாவில் இப்படிச் சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக 1970இல். ஆனாலும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. அது சட்டமாகவில்லை, ஆனால் 2019இல் அரசின் மசோதாவே சட்டமானது. அதில் இருக்கும் குறைகள் தனிக் கதை.

இரண்டாவது அவை, ஒப்புதல் கையெழுத்து இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அவை எவ்வளவு தடுக்க முடியும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் பிரபுக்கள் அவையால் சாதாரண மசோதாவை ஏறக்குறைய ஓராண்டு தாமதப்படுத்தத்தான் முடியும். இந்தியாவில் பண மசோதாவை, அதாவது வரி, அரசுச் செலவு போன்றவை மட்டுமே உள்ள மசோதாவை, மாநிலங்களவை தடுக்க முடியாது, 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அதனால் எதைப் ‘பண மசோதா’ என்று முத்திரை குத்துகிறார்கள் என்று பாருங்கள். கையெழுத்துக்கு வந்தால், பிரிட்டிஷ் முடியாட்சி கடைசியாக மறுத்தது 1708இல். அமெரிக்க அதிபரோ தாராளமாக மறுக்கலாம். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

கையெழுத்தும் ஆகி அரசிதழிலும் வந்துவிட்டதா? பென்சிலால் வட்டமிட்ட தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘வகுத்துரைக்கப்படும்’ என்று தள்ளிவைத்ததெல்லாம் விதிகளாக வரும் நேரம் இனிமேல்தான். இந்திய நாடாளுமன்றத்தில் அந்த விதிகளை வழக்கமாகக் கூட்டத்தொடர் நாட்களில் மொத்தம் முப்பது நாள் அவை முன் வைக்க வேண்டும். அதையடுத்த கூட்டத்தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் சேர்ந்து திருத்தவோ நீக்கவோ சொல்லலாம். நிகழ்ச்சி நிரலில் ‘அவை முன் வைக்கப்படும் ஏடுகள்’ என்ற தலைப்பில் தேடுங்கள். கேள்வி நேரம் முடிந்து பாதிப் பேர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருக்கும்போது அமைச்சர் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்காருவார். நாற்காலி இழுபடும் சத்தத்தில் சில நாள் எனக்கே சரியாகக் கேட்காது. பக்கத்தில் இருப்பவரிடம் விதியின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வேன்.