திருகுமூடி வைனிலும் கார்க் வாடை

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடக்கும் புரோவைன் என்ற வைன் வணிகக் கண்காட்சிக்கு எங்கள் கடைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். மூன்று நாள் கண்காட்சியில் இரண்டு நாள் வீண். எந்த வைனை முகர்ந்தாலும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. பாட்டிலை அடைக்கும் கார்க் கெட்டிருந்தால் வைனில் இந்த வாடை வரும். அதுதான் காரணம் என்று வேறு பாட்டில் திறக்கச் சொன்னேன், அதுவும் அப்படியே. மூக்குதான் சரியில்லையோ என்று ராத்திரி ஆவி பிடித்தேன், காலையில் காபியை விட்டேன். மாற்றமில்லை.

மூன்றாம் நாள், திருகுமூடி போட்ட ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனிலும் அதே வாடை. அதில் கார்க்கே கிடையாதே! காலிக் கிளாஸை முகர்ந்தேன். அதே வாடை. ஒவ்வொரு முறையும் கிளாஸைத் துடைத்த என் துணி, பையில் ஈரத்தோடே கிடந்து முடைநாற்றம் எடுத்திருந்தது. துணியைத் தூக்கிப் போட்டேன். கிளாஸை வெந்நீரில் கழுவினேன். அப்புறம் துடைக்கவே இல்லை. அடுத்து ருசிக்கப்போகும் வைனிலேயே கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினேன். வாடை போயே போச்சு. அப்பாடா! ஒதுக்கியவற்றை மறுபடி ருசித்து, நான்கை ஆர்டர் செய்தேன்.