பழைய போட்டோவிலிருந்து தாத்தா படம்: ஆயில் பெயின்டிங் வரையக் கொடுப்பவர்களுக்கு

“எல்லாம் அழகா இருக்கு, ஆனா தாத்தா ஜாடை இல்லையே.” படம் கைக்கு வந்த அன்று பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் குறை ஓவியரின் கையில் இருப்பதில்லை. அவர் உங்கள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. நீங்கள் கொடுத்த போட்டோவும் வாயால் சொன்ன நாலு விவரமும்தான் அவர் அறிந்த தாத்தா. ஜாடையில் பாதி, பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

அதனால் முதல் வேலை போட்டோ தேடுவது. வீட்டில் கிடக்கும் எல்லாப் படங்களையும் எடுத்துப் பரப்பி, ஸ்கேல் வைத்து முகத்தை உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்து பாருங்கள். கல்யாண குரூப் போட்டோவில் முகம் அரை அங்குலம் இருக்கிறது என்றால், 8 அங்குல முகமாக வரைய அதை 16 மடங்கு பெருக்க வேண்டும். இமை மடிப்பும் உதட்டோரமும் அங்கே வெறும் புள்ளிகள்தான். ஓவியர் ஊகித்து நிரப்புவார், ஜாடை நழுவுவது அந்த இடத்தில்தான். ஓர் அங்குலத்துக்குக் குறையாத முகம் உள்ள படத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் துணைக்குக் கொடுங்கள். காது, பக்கவாட்டு மூக்கு, சிரிக்கும்போது விழும் கோடு எல்லாம் துணைப் படங்களிலிருந்துதான் கிடைக்கும்.

பாஸ்போர்ட் அளவுப் படத்தை 1200 டிபிஐயிலும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), போஸ்ட்கார்டு அளவை 600 டிபிஐயிலும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை மட்டும் பிய்க்க முயலாதீர்கள். ஈரத்தில் போட்டோவின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியைப் பற்றியிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். அப்படியே ஜன்னலோர வெளிச்சத்தில், எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, பிரதிபலிப்பு விழாமல் படம் எடுத்தால் போதும்.

கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறத்தில் நம்மை ஏமாற்றும். பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை வாங்காது. மாநிறத் தோலும் உதடும் அதில் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே பென்சிலால் டச்சப் செய்து சுருக்கங்களை மறைப்பதும் அன்று சாதாரணம். எழுபது வயதுத் தாத்தாவுக்கு வழவழப்பான கன்னம் இருந்தால், அது ஸ்டுடியோ கொடுத்த கன்னம். கையால் வண்ணம் தீட்டிய படங்களின் நிறத்தையும் நம்ப முடியாது. அதற்குப் பதில், குடும்பத்தில் “அப்படியே தாத்தா நிறம்” என்று எல்லோரும் சொல்கிற ஒருவரைப் பகல் வெளிச்சத்தில், முகத்தருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி, ஃபில்டர் எதுவும் இல்லாமல் படம் எடுத்துக் கொடுங்கள். தாளின் வெள்ளையை வைத்து ஓவியர் நிறத்தைக் கணித்துக்கொள்வார்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்திருந்தால் முகமே மாறிவிடும். எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருக்க வேண்டும். பாட்டி என்றால் புடவைத் தலைப்பு பெரும்பாலும் இடது தோளில்; சில மடிசார் கட்டில் மட்டும் வலது தோளில் வரும். பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: மச்சம் எங்கே, மூக்குத்தி எந்தப் பக்கம், கடுக்கன் கல்லா பொன்னா, வகிடு எங்கே, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு என்ன நிறம். அந்தப் புடவை இன்னும் பெட்டியில் இருந்தால் அதையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். அரக்கு என்று வாயால் சொன்னால் ஆளுக்கொரு நிறம் தோன்றும்.

தாத்தாவையும் பாட்டியையும் தனித்தனிப் படங்களிலிருந்து சேர்த்து வரையக் கேட்டால், இரண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழுகிற படங்களாகத் தேடுங்கள். ஒன்றில் இடமிருந்தும் மற்றதில் வலமிருந்தும் விழுந்தால், ஒன்றைத் திருப்பிப் போட்டுச் சரிக்கட்ட முடியாது. மூக்குத்தியும் வகிடும் பக்கம் மாறிவிடும். யார் எவ்வளவு உயரம் என்பதையும் சொல்லுங்கள். பாட்டி தாத்தாவின் தோள் வரையா, காது வரையா என்று.

ஓவியரைத் தேர்ந்தெடுக்கும்போது முடிந்த படத்தை மட்டும் பார்த்தால் போதாது. மூலப் போட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதிலும் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குக் கொண்டுவந்தவற்றை. சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படித்தவர்களில் உருவப்படம் வரைபவர்கள் இருக்கிறார்கள், அங்கே விசாரிக்கலாம். கேன்வாஸில் பிரின்ட் எடுத்து, மேலே கொஞ்சம் பெயின்ட் தடவிக் கையால் வரைந்ததாகக் கொடுப்பவர்களும் உண்டு. முகத்தின் நிழல் பகுதியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரே சீரான பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அது பிரின்ட். வெறும் கோட்டோவியமாக இருந்த கட்டத்தின் படத்தைக் கேட்பது இன்னும் எளிய வழி.

தலையும் தோளும் மட்டும் என்றால் 18க்கு 24 அங்குலக் கேன்வாஸ் சரியாக இருக்கும். கைகளும் வர வேண்டுமென்றால் 24க்கு 30 வேண்டும், கூலியும் கூடும். கை வரைவது இன்னொரு முகம் வரைவதற்குச் சமம். அளவு, கேன்வாஸ் காடாவா லினனா, ஃபிரேம் சேர்த்தா, முன்பணம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் காட்டுவார், எத்தனை திருத்தம், எந்தத் தேதி என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாத வரை, வரையச் சொன்னவருக்கே சேரும். ஓவியர் கண்காட்சிப் புத்தகத்திலோ விளம்பரத்திலோ அந்தப் படத்தை அச்சிட விரும்பினால் அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவருடைய கையெழுத்தைப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்காதீர்கள்; தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை சட்டப்படியே அவருக்கு உண்டு.

மூன்று கட்டங்களில் பார்ப்பது நல்லது: கோட்டோவியம், ஒற்றை நிற அடிப்பூச்சு, வண்ணம். ஜாடைத் திருத்தம் முதல் இரண்டிலேயே முடிந்துவிட வேண்டும். வண்ணம் ஏறிய பிறகு ஒரு கண்ணைக் கால் அங்குலம் நகர்த்தச் சொன்னால் பாதி முகத்தையே மறுபடி வரைய வேண்டிவரும். பார்க்கும்போது போட்டோவையும் ஓவியத்தையும் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒப்பிடுங்கள். நேராக வைத்தால் பழகிய கண் தவறுகளைத் தானே சரிசெய்துகொண்டுவிடும். “என்னமோ மாதிரி இருக்கு” என்று சொன்னால் ஓவியரால் ஒன்றும் செய்ய முடியாது. “இடது இமை இன்னும் தொங்கும்”, “மேலுதடு இதைவிட மெலிசு” என்று சொல்லுங்கள். அத்தை, சித்தப்பா எல்லோரும் பார்க்கட்டும், ஆனால் ஓவியரிடம் பேசுகிறவர் ஒருவராக இருக்கட்டும்.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது “கலரைக் கொஞ்சம் தூக்கிடுங்க” என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். நெற்றி மேட்டின் பளபளப்பும் கண்குழி நிழலும் அந்த நிறத்தோடு கணக்கு வைத்து வந்தவை. தோலை வெளுத்தால் அந்தக் கணக்கு உடைந்து, முகம் தட்டையாகி, வேறு யாரோ ஒருவர் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய கறுப்பும் அவருடைய ஜாடைதான்.

ஆயில் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே காய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். கடைசி வார்னிஷ் அதன் பிறகுதான். அதற்காக ஒருநாள் ஓவியரிடம் திரும்பக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். கூரியரில் வருவதானால் சுருட்டாமல், பிளைவுட் பெட்டியில் தட்டையாக. பபுள் ஷீட் நேராகப் பெயின்டில் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். நடுவில் பட்டர் பேப்பர் வேண்டும்.

ஈரம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள், கேன்வாஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேமின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவருக்கும் படத்துக்கும் இடைவெளி விடுங்கள். ஆயில் பெயின்டிங்குக்குப் பொதுவாகக் கண்ணாடி போடுவதில்லை. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தால் அது நேராகப் பெயின்டில்தான் படும், துடைத்தாலும் கறை நிற்கும். ஈர மாலையும் ஊதுவத்திப் புகையும் அதே கேடு. படம் முடிந்ததும் அதை நல்ல கேமராவில் எடுத்து, பிரின்ட் போட்டு, கண்ணாடி வைத்த ஃபிரேமில் பூஜையறைக்கு ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். பொட்டும் மாலையும் அதற்கு. ஓவியம் வெயில் நேராக விழாத ஹால் சுவரில் இருக்கட்டும்.