கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவது எப்படி?

பொல்கொட வாவியில் என் கயாக் (துடுப்பால் ஓட்டுகிற ஒடுங்கிய சிறு வள்ளம்) முதல் தடவை கவிழ்ந்தபோது, விளிம்பைப் பிடித்து மதில் ஏறுவதுபோல் எம்பினேன். இரண்டு காலும் வள்ளத்துக்கு அடியில் போய்விட்டன. வள்ளம் புரண்டு என் தலைமேலேயே வந்தது. மூன்று தடவையும் இதே கதை. கரையில் நின்ற மச்சானுக்கு நல்ல சிரிப்பு.

நான் சொல்வது மேலே உட்கார்ந்து ஓட்டுகிற கயாக்குக்கு. உள்ளே கால் நீட்டி இருக்கிற வகையில் தண்ணீர் நிரம்பிவிடும். அதை நேரில் ஒருவரிடம்தான் பழக வேண்டும்.

இறங்குமுன் லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை வந்தால் பட்டியை இறுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் ஏறும்போது விளிம்பில் மாட்டும்.

கவிழ்ந்ததும் வள்ளத்தையும் துடுப்பையும் விடவே கூடாது. காற்றடித்தால் வெறும் வள்ளம் உங்களைவிட வேகமாகப் போய்விடும். அலை இருந்தால், அலை வருகிற பக்கமாக நீங்கள் இருங்கள். இல்லாவிட்டால் வள்ளம் முகத்தில் மோதும்.

அடுத்தது நிமிர்த்துவது. நடுப்பகுதிக்கு வந்து, அடிப்பாகத்துக்கு மேலால் கையை நீட்டி மறுபக்க விளிம்பைப் பிடியுங்கள். முழங்காலை உங்கள் பக்க விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் உடம்புப் பாரத்திலேயே திரும்பிவிடும். கை எட்டாதவர்கள் பக்கப் பிடியில் முன்கூட்டியே ஒரு கயிறு கட்டி வைக்கலாம்.

இனி ஏறுவது. இருக்கைக்கு நேரே வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு குப்புற மிதவுங்கள். குதிகால் தண்ணீருக்கு மேலே தெரியும்வரை சளார் சளார் என்று உதையுங்கள். கால் கீழே தொங்கினால் மதில் கதைதான். உடம்பு மட்டமானதும், ஒரே உதையில், வள்ளத்தை வயிற்றுக்குக் கீழே இழுப்பதாக நினைத்து இழுங்கள். தொப்புள் இருக்கைக்கு மேலே வந்ததா? சரி, அப்படியே கிடந்து மூச்சு வாங்குங்கள். தலை ஒரு பக்கம், கால் மறுபக்கம் தொங்கட்டும். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. அப்புறம் மெல்லப் புரண்டு பின்பக்கத்தை இருக்கையில் இறக்குங்கள். கால்கள் கடைசியில்தான் உள்ளே வரவேண்டும். அவசரப்பட்டுக் காலை முதலில் போட்டால் மறுபடி குளிப்புத்தான்.

நெஞ்சளவு தண்ணீரில், துணைக்கு ஒருவரை வைத்துப் பழகுங்கள். காலில் புண் இருந்தால் வாவியில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் தொற்றலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கல்கிசைக் கடல் கொந்தளிக்கும். அங்கே அப்போது பழக வேண்டாம்.

மூன்று தடவை முயன்றும் முடியாவிட்டால் வள்ளத்தைப் பிடித்தபடி விசில் ஊதுங்கள். அந்த விசிலை ஜாக்கெட்டிலேயே கட்டியிருங்கள். பையில் வைத்தால், பை வேறு திசையில் மிதந்துகொண்டிருக்கும்.