"கேள்வி இல்லை" என்று உட்காராதீர்கள்: மோப்ப நாய் சாட்சியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் என் வழக்கு அழைக்கப்படக் காத்திருந்தேன். சாட்சிக் கூண்டில் மோப்ப நாய்ப் பிரிவின் பயிற்றுநர் நின்றார். நாய் கொலை நடந்த இடத்தில் மோப்பம் பிடித்து ஓடி, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வீட்டு வாசலில் போய் நின்றதாகச் சொல்லி முடித்தார். எதிரிக்காக ஆஜரான இளம் வழக்கறிஞர் எழுந்தார். "நாய் சாட்சியம் சட்டப்படி செல்லாது. கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன்.

தீர்ப்பின் ஆண்டை மாற்றிச் சொல்வது போன்ற பிழைகளை மூத்தவர்களே திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாதவற்றை எழுதுகிறேன்.

"செல்லாது" என்ற ஒற்றைச் சொல்லை நம்புவது

அப்துல் ரசாக் முர்தாசா தஃபேதார் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் இந்த ஆட்சேபங்களை எடுத்துரைத்தது. நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாது. குறுக்கு விசாரணைக்கும் உட்படாது. அதன் சார்பில் பயிற்றுநர் பேசுவது செவிவழிச் சாட்சியம். ஒரு மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தில் தொங்கக் கூடாது. இத்தனையும் சொன்ன நீதிமன்றம் கதவை முழுதாக அடைத்துவிடவில்லை. ஏற்கத்தக்கதாகவே இருந்தாலும் இத்தகைய சாட்சியத்துக்குச் சாதாரணமாக அதிக எடை இல்லை என்றது.

2008இல் தினேஷ் போர்தாகூர் வழக்கில் இன்னும் கண்டிப்பாகப் பேசியது: புலன் விசாரணைக்கு நாயைப் பயன்படுத்தலாம், குற்றத்தை நிரூபிக்க அதன் மோப்பத் திறனைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது. கையில் இவ்வளவு இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் இளையவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் பயிற்றுநர் சொன்னது ஏட்டில் ஏறிவிட்டது. அதை மறுத்து ஒரு வரிகூட அங்கே இல்லை.

குறுக்கு விசாரணையைக் கைவிடுவது

நான் "கேள்வி இல்லை" என்று உட்கார்ந்த அந்தப் பழைய வழக்கில் என் கட்சிக்காரர் பால் ஊற்றுபவர். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார். மறுநாள் நண்பகலில் நாய் வந்தது. கொட்டகையிலிருந்து வரப்பு வழியாக ஓடி, என் கட்சிக்காரர் வீட்டு வாசலில் நின்றது. அந்த வரப்பில் அவர் தினமும் இரண்டு வேளை பால் கேனோடு நடப்பவர். இறந்தவர் வீட்டுக்கும் அவர்தான் பால் ஊற்றினார். இதில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. தீர்ப்பில் நீதிபதி எழுதினார்: "நாய் எதிரியின் வீட்டில் நின்றது மறுக்கப்படவில்லை." கடைசியாக இருவரையும் சேர்த்துப் பார்த்ததாகச் சொன்ன பலவீனமான சாட்சிக்கு அந்த வரி முட்டுக் கொடுத்தது. ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம் விடுதலை செய்ய நான்கு ஆண்டுகள் ஆயின. இடையில் அவருடைய தாயார் இறந்தார். காவலர் துணையோடு வந்து கொள்ளி வைத்துவிட்டு, அன்று மாலையே சிறைக்குத் திரும்பினார்.

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: எனக்குத் தேவையான தீர்ப்பு அப்போதே இருந்தது. 1993இல் சுரீந்தர் பால் ஜெயின் வழக்கில், மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கணவரை நாய் அடையாளம் காட்டியது. அன்றிரவு அவர் மனைவியின் கட்டிலுக்கு அருகிலேயே இன்னொரு கட்டிலில் படுத்திருந்தவர். அப்படியிருக்க, நாய் அவரை நோக்கிப் போனது குற்றத்தை மட்டுமே காட்டுவதாகாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாசனை ஒருவர் அங்கே இருந்தார் என்று மட்டும் சொல்லலாம். எப்போது இருந்தார், எதற்காக இருந்தார் என்று அது சொல்லாது. அந்த இடைவெளியை நீதிபதிக்குக் காட்டும் வேலை நம்முடையது.

ஆகவே கேளுங்கள். சம்பவத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்து நாய் வந்தது? அதற்குள் எத்தனை பேர் அந்த இடத்தை மிதித்தார்கள்? எந்தப் பொருளை முகரக் கொடுத்தார்கள், அதை யார் தொட்டிருந்தார்கள்? நாய் ஓடிய தடம் எந்த மகஜரில் (சம்பவ இடத்தில் போலீஸார் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பில்) இருக்கிறது? கயிற்றைப் பிடித்தவருக்குச் சந்தேக நபரின் பெயர் முன்பே தெரியுமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 2011இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் 18 பயிற்றுநர்கள் போதைப்பொருள், வெடிமருந்து தேடும் தங்கள் நாய்களோடு சோதிக்கப்பட்டார்கள். தேட வேண்டிய பொருள் எதுவும் அங்கே வைக்கப்படவில்லை. ஆனால் இருப்பதாகப் பயிற்றுநர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. பெரும்பாலான சுற்றுகளில் நாய் கண்டுபிடித்துவிட்டதாகவே அவர்கள் அறிவித்தார்கள். நாய் பொய் சொல்வதில்லை என்பார்கள். கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் நம்பியது நாய்க்கும் எட்டிவிடுகிறது என்பதே கவலை. நாயோ அதன் எஜமானரோ தவறக்கூடும், நாயின் நடத்தையிலிருந்து தவறான முடிவுக்கு வரக்கூடும் என்று 2001இல் கடே லக்ஷ்மி மங்கராஜு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது.

"உங்கள் நாய் திறமையானதா?" என்று கேட்பது

கேட்காதீர்கள். அது வாங்கிய பதக்கங்களெல்லாம் உங்கள் கேள்வியால் பதிவாகும்.

பழைய பிரிவு எண்

வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்ற பிரிவைச் சொல்லித்தான் செவிவழிச் சாட்சியத்தை எதிர்க்கிறோம். 2024 ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணை என்றால் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 60. பிறகு தொடங்கியது என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 55.

நாய் யாரையும் பிடிக்கவில்லை என்று வாதிடுவது

"மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்ற செய்தித்தாள் வரியை நாம் எல்லோரும் படித்து வளர்ந்தவர்கள். அதையே நிரபராதித்துவத்துக்குச் சான்றாக வைக்காதீர்கள். எடை குறைவு என்ற விதி நமக்கும் பொருந்தும். நாய் வேறு திசையில் ஓடியிருந்தால், அந்தத் திசையில் ஏன் விசாரிக்கவில்லை என்று புலன் விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வலு உண்டு.

அன்று மாலை அந்த இளைஞரைத் தேடிப் போய்ப் பேசினேன். நாய் நின்ற வீட்டுக்கும் சம்பவ இடத்துக்கும் நடுவில் அவருடைய கட்சிக்காரரின் மாட்டுக் கொட்டில் இருந்தது. பயிற்றுநரை மீண்டும் அழைக்க இன்னும் நேரம் இருக்கிறது. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் கொட்டில் எங்கே இருக்கிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.